டப்பாவா, டியூபா? கொலாஜன் பொடியும் ரெட்டினாய்டு களிம்பும்

நாற்பதைத் தொட்டதும் கன்னம் தொய்கிறது, கண்ணோரம் கோடு விழுகிறது, பழைய பொலிவு இல்லை என்ற கவலை வந்துவிடுகிறது. ஃபேஷியல், லேசர், ஊசி என்று காசு போகும் வழிகள் பல. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் கொலாஜன் பொடி. மற்றது, இரவில் முகத்தில் பூசும் ரெட்டினாய்டு களிம்பு. இரண்டும் சொல்லும் வாக்கு ஒன்றுதான்: தோலுக்குள் குறைந்துபோன கொலாஜனைத் திரும்பக் கொண்டுவருவோம். ஒன்று வாய்வழி போகிறது, மற்றது தோல்வழி. எது சொன்னதைச் செய்கிறது?

முதலில் இரண்டின் மேலட்டையையும் படித்துவிடலாம். பொடி டப்பாவின் முன்பக்கம் மினுமினுக்கும் முகம் ஒன்று இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில், ஒரு கரண்டிக்கு இத்தனை கிராம் மீன் கொலாஜன் பெப்டைடு, கூடவே வைட்டமின் சி, பயோட்டின், ஹயலுரானிக் அமிலம், ஆரஞ்சு சுவை என்று பட்டியல். சில டப்பாக்களில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கும். பச்சைப் புள்ளியோடு ‘கொலாஜன் பில்டர்’ என்று போட்டிருந்தால் உள்ளே கொலாஜன் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். நெல்லி, அகத்தி போன்றவற்றின் சாறும் வைட்டமின்களும்தான் இருக்கும். செடிகொடிகளில் கொலாஜன் கிடையாது. மீனின் தோல், செதில், மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவைதான் அதன் வழக்கமான மூலப்பொருள்கள். களிம்பின் அட்டை வேறு ரகம். படம் கிடையாது. ட்ரெட்டினாய்ன் 0.025 சதவீதம் என்று ஒரு வரி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற ஷெட்யூல் ஹெச் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

இனி, இருவரும் பெயர் சொல்லி விற்கும் அந்தக் கொலாஜன். தோலின் ஈரத்தை நீக்கிவிட்டு எடை போட்டால் முக்கால் பங்கு அதுதான். மேல்தோலுக்குக் கீழே உள்ள அடித்தோலில், ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அதை நூற்று, பின்னி வைக்கின்றன. அதன் வடிவத்தைக் கண்டுபிடித்த ஊர் சென்னை. விளம்பரம் எழுதுகிறவர்கள் இதை இன்னும் பயன்படுத்திக்கொள்ளாதது எனக்கு ஆச்சரியம். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் கிண்டி வளாகத்தில் உட்கார்ந்து எக்ஸ்ரே படங்களோடு மல்லுக்கட்டினார்கள். தோல் பதனிடுவதை ஆராயும் மத்திய நிலையம் பக்கத்து அடையாறில் இருந்தது வசதியாகப் போயிற்று. 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர்களுடைய விடை வந்தது: தனித்தனியே முறுக்கேறிய மூன்று இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்த அமைப்பு. மறு ஆண்டே அதைத் திருத்தி, மூன்று இழைகளும் சேர்ந்து இன்னொரு முறுக்கு ஏறியிருப்பதாகக் காட்டினார்கள். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வருவது கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். அதைவிடப் பெரிய எதையும் அந்த இடத்தில் வைத்தால் முறுக்கு இறுகாது. முறுக்கு கலையாமல் நிற்பதற்கு ஹைட்ராக்ஸிபுரோலின் வேண்டும். அது உருவாக வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி அடியோடு இல்லாமல் போன பழைய கப்பல் மாலுமிகளுக்கு ஈறு கரைந்து, ஆறிய புண் மறுபடி பிளந்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு இறுகிய பொருளை வெளியிலிருந்து உள்ளே அனுப்புவது எளிதல்ல. இங்கே கணக்கு பேசட்டும். முழுக் கொலாஜன் ஒன்றின் மூலக்கூறு எடை சுமார் 3 லட்சம் டால்டன். தோல் வழியாக நுழைய வேண்டுமானால் ஒரு பொருள் 500 டால்டனுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தோல் மருத்துவத்தில் புழங்கும் வாய்பாடு. ஆகவே ‘கொலாஜன் கிரீம்’ என்று விற்பது தோலின் மேலேயே உட்கார்ந்து ஈரத்தைக் காக்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது. டப்பாவில் வருவது நொதிகளால் நறுக்கிய கொலாஜன். ஒரு துண்டு சில ஆயிரம் டால்டன். அதுவும் தோலில் இறங்காது, அதனால்தான் குடிக்கச் சொல்கிறார்கள். ட்ரெட்டினாய்ன் எவ்வளவு தெரியுமா? 300. பூசினால் இறங்கிவிடும்.

குடிப்பதன் கதையைப் பார்ப்போம். மூட்டு வலிக்கு ஆட்டுக்கால், ரத்தம் ஊற ஈரல் என்று எந்த உறுப்புக்கு எது வேண்டுமோ அதையே தின்னச் சொல்லும் கணக்கு நமக்குப் பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையில் கால் கேட்டு நிற்கும் பாதிப் பேர் வீட்டில் முட்டி வலிக்காரர் ஒருவர் இருப்பார். மீந்த ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் கொட்டாது. விரலால் தொட்டால் அதிரும், அடுப்பில் ஏற்றினால் மறுபடி நீர்த்துவிடும். கொதியில் முறுக்கு அவிழ்ந்த கொலாஜன் அது, ஜெலட்டின். அதையே இன்னும் பொடிப்பொடியாக நறுக்கினால் உறையும் குணம் போய்விடும், குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். டப்பாவில் இருப்பது அந்தச் சரக்கு. சூப்புக்கும் டப்பாவுக்கும் இனம் ஒன்று, பக்குவம் வேறு, விலை ரொம்பவே வேறு.

வயிற்றுக்குள் போன எந்தப் புரதமும் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும், பருப்பு தின்றாலும் பொடி குடித்தாலும் உடலுக்கு ஒன்றுதான் என்பது பழைய வாதம். அதில் பெருமளவு உண்மை இருந்தாலும் முழு உண்மை இல்லை. ஜெலட்டின் உண்டவர்களின் ரத்தத்தில் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் சேர்ந்த இரட்டைத் துண்டு உடையாமல் ஓடுவதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த எலித்தோல் செல்களை அந்தத் துண்டு தூண்டியதாகவும் பிறகு செய்தி வந்தது. எங்கோ கொலாஜன் உடைந்திருக்கிறது, புதிதாகச் செய் என்ற தகவலாக ஃபைப்ரோபிளாஸ்ட் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஊகம். ஊகம் அசட்டுத்தனமானது அல்ல. ஆனால் குடித்த கரண்டியில் எவ்வளவு கன்னத்துக்குப் போகும், எவ்வளவு குதிகாலுக்குப் போகும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. டப்பாவுக்கு முகவரி எழுதும் வசதி இல்லை.

சரி, பலன் தெரிந்திருக்கிறதா? தோலின் நெகிழ்வை அளக்க க்யூட்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. பேனா போன்ற முனையைத் தோலில் வைத்தால், சில மில்லிமீட்டர் அகலத் துளைக்குள் தோலை மெல்ல உறிஞ்சி இழுக்கும். விட்டதும் எவ்வளவு தூரம் திரும்பிப் போகிறது, எத்தனை வேகத்தில் என்று எண்ணாகக் காட்டும். வீட்டில் புறங்கையைக் கிள்ளிவிட்டுப் பார்ப்போமே, அதன் ஆய்வக வடிவம். 2014இல் ஜெர்மனியில் 35 முதல் 55 வயது வரையிலான 69 பெண்களுக்கு 8 வாரம் தினமும் 2.5 கிராம் அல்லது 5 கிராம் பொடியோ, கொலாஜனே இல்லாத போலிப்பொடியோ கொடுத்து இப்படி அளந்தார்கள். பொடி குடித்தவர்களின் நெகிழ்வு கூடியிருந்தது. விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஆய்வு இது. பிறகு இப்படிப் பல வந்தன. 2023இல் 26 சோதனைகளை, 1,721 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஈரமும் நெகிழ்வும் கூடுவதாகவே சொன்னார்கள்.

அதோடு நின்றிருந்தால் நானும் ஒரு டப்பா வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். 2025இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இன்னொரு தொகுப்பு வந்தது. 23 சோதனைகள், 1,474 பேர். இவர்கள் ஒரு காரியம் கூடுதலாகச் செய்தார்கள். யார் பணத்தில் நடந்த சோதனை என்று பிரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் பலன் தெரிகிறது. மருந்து நிறுவனப் பணம் வாங்காத சோதனைகளை மட்டும் எடுத்தால் ஈரம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலும் பலன் காணாமல் போகிறது. தரமாகச் செய்யப்பட்டவற்றை மட்டும் எடுத்தாலும் அதே கதை. நிறுவனம் பணம் கொடுத்தாலே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சாதகமான முடிவு வரும்போதெல்லாம் விற்பவரே பக்கத்தில் நிற்கிறார் என்றால் வாங்குபவர் யோசிக்க வேண்டும். தவிர, பல பொடிகளில் வைட்டமின் சியும் ஹயலுரானிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. பலன் வந்தாலும் யாருக்குப் பாராட்டு என்று தெரியாது. வைட்டமின் சிதான் வேண்டுமென்றால் ஒரு கொய்யாப்பழம் போதும்.

டியூபின் பிறப்பு வேறு விதமானது. யாரும் அதை இளமைக்காகச் செய்யவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன், வைட்டமின் ஏ அமிலமான ட்ரெட்டினாய்னைப் பருவுக்கு மருந்தாக 1969இல் முன்வைத்தார். 1971இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. பருவுக்காகப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் சிலர், பருவோடு கோடுகளும் மங்குகின்றனவே என்று சொல்லத் தொடங்கினார்கள். நோயாளி சொன்னதைக் காதில் வாங்கியதால் கிடைத்த மருந்து இது. 1986இல் கிளிக்மன் அதை வெயிலில் மூத்த தோலுக்கான சிகிச்சையாக எழுதினார். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் வூர்ஹீஸ் குழு 30 பேரின் ஒரு முன்கையில் ட்ரெட்டினாய்னையும் மறு முன்கையில் மருந்தில்லாத வெறும் களிம்பையும் 16 வாரம் பூசிப் பார்த்தது. மருந்து பூசிய கைகள் தேறின, வெறும் களிம்பு பூசியவை தேறவில்லை. ஒரே ஆளின் இரண்டு கைகளை ஒப்பிட்டதால், இவருக்கு நல்ல தூக்கம், அவருக்கு நல்ல சாப்பாடு என்று சாக்குச் சொல்ல இடமில்லை. செய்தி வெளியானதும் அமெரிக்க மருந்துக் கடைகளில் டியூபுக்கு அடிதடி.

இந்தப் பக்கமும் பணம் சுத்தமாக நடந்துகொள்ளவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அனுமதி இல்லாத சுருக்க சிகிச்சைக்காகக் களிம்பை விளம்பரப்படுத்தியது பற்றி அமெரிக்க அரசு விசாரித்தபோது, அதைத் தயாரித்த ஆர்த்தோ நிறுவனத்தார் ஆவணங்களைக் கிழித்துப் போட்டார்கள். 1995இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினார்கள். அதைவிடக் கறுப்பான பக்கம் கிளிக்மனுடையது. 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள் மீது, பெரும்பாலும் கறுப்பினத்தவர் மீது, அவர் பலவகைச் சோதனைகள் நடத்தினார். இந்த மருந்தும் அங்கே பூசிப் பார்க்கப்பட்டது. பல்கலைக்கழகம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது, நகராட்சி அதற்கும் அடுத்த ஆண்டு. கிளிக்மன் 2010இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனாலும் மருந்து வேலை செய்கிறது என்ற உண்மை அப்படியே நிற்கிறது. 1993இல் மிச்சிகன் குழுவே ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எழுதியது. 10 முதல் 12 மாதம் பூசியவர்களின் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில் கொலாஜன் உருவாவது 80 சதவீதம் கூடியிருந்தது. வெறும் களிம்பு பூசியவர்களுக்கு 14 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் சராசரி வயது 87 ஆன 36 முதியவர்களின் கைகளில், ட்ரெட்டினாய்னைவிட மென்மையான ரெட்டினாலை 24 வாரம் பூசினார்கள். வெயில் அதிகம் படாத மேற்கையிலும் மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன, கொலாஜன் கூடியது. எண்பத்தேழு வயதுத் தோலும் கூப்பிட்டால் எழுந்து வேலை பார்க்கிறது. பொடி மூலப்பொருளை அனுப்புகிறேன் என்கிறது. ஆனால் கிளைசினையும் புரோலினையும் உடலே தயாரித்துக்கொள்ளும், அவற்றுக்குப் பஞ்சமில்லை. குறைந்திருப்பது ஃபைப்ரோபிளாஸ்டின் சுறுசுறுப்பு. ரெட்டினாய்டு நேராக அந்தச் செல்லின் மரபணுக்களுக்கே கட்டளை இடுகிறது. கூடவே, கொலாஜனை வெட்டும் நொதிகளையும் அடக்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் என் தீர்ப்பைத் தீர்மானித்தது இதுதான்.

நெகிழ்வு என்று வரும்போது மட்டும் இரண்டுமே தலையைக் குனிய வேண்டும். கிள்ளிய தோல் பழைய இடத்துக்குத் திரும்புவதற்குப் பொறுப்பு கொலாஜன் அல்ல, எலாஸ்டின். அடித்தோலில் அதன் பங்கு சில சதவீதம்தான். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அது பின்னி முடிக்கப்பட்டுவிடுகிறது, வளர்ந்த பிறகு உருப்படியாகப் புதிது வருவதில்லை. சின்ன வயதில் கிடைத்ததை வைத்துத்தான் எழுபது, எண்பது வருடம் ஓட்ட வேண்டும். வெயில் அதைச் சிதைத்து, உதவாத கட்டிகளாக அடித்தோலில் குவித்துவிடும். டப்பாவோ டியூபோ அதைப் புதிதாக நெய்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். 1995இல் அமெரிக்காவில் சுருக்கத்துக்காக அனுமதி பெற்ற ட்ரெட்டினாய்ன் களிம்பின் விவரச்சீட்டே, இது சுருக்கத்தை ஒழிக்காது, வெயிலில் கெட்ட தோலைப் பழையபடி ஆக்காது, மெல்லிய கோடுகளைக் குறைக்க உதவும், அவ்வளவுதான் என்று அடக்கி வாசிக்கிறது. பொடி டப்பாவின் முன்பக்கத்தோடு இதை வைத்துப் பாருங்கள்.

டியூபுக்கு ஒரு விலை உண்டு. பணத்தில் அல்ல, பணத்தில் அது சில நூறு ரூபாய், கடலைப்பருப்பு அளவு எடுத்தால் முகம் முழுக்கப் போதும், ஒரு டியூப் மாதக்கணக்கில் வரும். பொடி மாதா மாதம் ஆயிரத்தைத் தாண்டும். டியூப் கேட்கும் விலை பொறுமை. முதல் சில வாரங்கள் தோல் வறண்டு, சிவந்து, வாயோரமும் மூக்கோரமும் செதில் செதிலாக உரியும். 1988 சோதனையிலும் இந்த எரிச்சல் இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை நீடித்தது. வெள்ளைத்தோல்காரருக்குச் சிவந்து ஆறிவிடும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அப்படியல்ல, எரிந்த இடம் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு போக மாதங்கள் ஆகும். ஆகவே குறைந்த அளவான 0.025 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு மட்டும், முகம் கழுவி நன்றாக உலர்ந்த பிறகு பூசி, மேலே மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்வது நமக்கு ஏற்ற வழி. வெளிச்சத்தில் மருந்து சிதையும், அதனால் இரவு. பலன் தெரிய மூன்று மாதம், ஆறு மாதம். அழகுக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் கிரீம்கள் இதன் தம்பி. தோலுக்குள் போய் இரண்டு படி மாறித்தான் ட்ரெட்டினாய்ன் ஆக வேண்டும், அதனால் எரிச்சலும் குறைவு, வேகமும் குறைவு. எத்தனை சதவீதம் என்று அட்டையில் போடாத கிரீமை வாங்காதீர்கள்.

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும் ரெட்டினாய்டு எதையும் பூசக்கூடாது. இதில் சமரசம் இல்லை. வைட்டமின் ஏ குடும்பத்து மாத்திரைகள் கருவைச் சிதைக்கும் என்பது நிரூபணமானது. பூச்சில் உடலுக்குள் போவது சொற்பம்தான் என்றாலும் அழகுக்காக அந்த ஆபத்தைத் தொட வேண்டாம்.

நம் ஊரில் டியூப் பக்கத்தின் பெரிய கேடு வேறொன்று. 1975இல் கிளிக்மனும் ஒரு சகாவும் மங்குக்காக மூன்று மருந்துகளைக் கலந்தார்கள்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன், ஒரு ஸ்டீராய்டு. சில வாரங்கள் மட்டும், டாக்டர் கண்காணிப்பில் பூச வேண்டிய கலவை அது. அந்த மாதிரிக் கலவை இந்தியாவில் ‘கலர் கிரீம்’ ஆகிவிட்டது. மெடிக்கல் ஷாப் கவுண்டரில் காலி டியூபை நீட்டி, “அண்ணே, இதே குடுங்க” என்று கேட்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, பியூட்டி பார்லரில் கொடுத்தது, கல்யாணத்துக்கு முன் ஒரு மாதம் போட்டது என்று ஆளுக்கொரு கதை. பூசிய பத்து நாளில் முகம் வெளுத்து மினுங்கும். அது ஸ்டீராய்டின் வேலை. மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதே ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும், கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், மீசை போல முடி வளரும். நிறுத்தினால் முகம் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. இந்திய தோல் மருத்துவர்கள் இந்தச் சேதத்துக்குத் தனிப் பெயரே வைத்து, ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை போட்டது. கவுண்டரில் அந்தத் தடை எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும். கொலாஜனைக் கட்டும் மருந்தையும் கரைக்கும் மருந்தையும் ஒரே டியூபில் அடைத்து, இளமைக்கு என்று மாதக்கணக்கில் பூசுவதைவிட, பொடியைக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவோ மேல். உங்கள் டியூபில் மொமெட்டாசோன், ஃப்ளுசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது நான் பேசும் டியூப் அல்ல.

பூசுவதா, உண்பதா என்ற போட்டியை இன்னொரு வழியில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனை ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. குயின்ஸ்லாந்தின் நாம்பூர் ஊரில் 55 வயதுக்குக் கீழான 903 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குத் தினமும் சன்ஸ்கிரீன், சிலருக்கு விருப்பம்போல் சன்ஸ்கிரீன். அதே ஆட்களையே குறுக்காகப் பிரித்து, பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நாலரை ஆண்டு கழித்துப் புறங்கைத் தோலின் அச்சு எடுத்துப் பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. மாத்திரையால் மொத்தத்தில் ஒரு பலனும் இல்லை. வெயிலை மறைப்பது, டப்பா டியூப் இரண்டுக்கும் முன்னால் வர வேண்டியது. நம் தோலில் மெலனின் கூடுதல், அதனால் சுருக்கம் வெள்ளையரைவிடத் தாமதமாக வரும், முதலில் வருவது மங்கும் கறுப்புத் திட்டும்தான். அதற்கும் காரணம் வெயிலே. சன்ஸ்கிரீன் கட்டுப்படியாகாதவர்களுக்குக் குடை இருக்கிறது. ட்ரெட்டினாய்ன் பூசுகிறவர்களுக்கு இரண்டும் கட்டாயம், மேல்தோலின் வெளியடுக்கு மெலிந்திருக்கும்போது வெயில் கூடுதலாக உறைக்கும்.

எரிச்சல் தாங்காதவர்கள் இப்போது பக்குச்சியோல் என்ற பெயரைச் சொல்கிறார்கள். நலங்கு மாவில் போடும் கார்போகரிசியிலிருந்து எடுப்பதுதான் அது. 44 பேரை வைத்து 12 வாரம் ரெட்டினாலோடு ஒப்பிட்ட சோதனையில் இரண்டும் சுருக்கத்தில் ஏறக்குறைய சமமாக வந்தன, பக்குச்சியோலில் எரிச்சல் குறைவு. சின்னச் சோதனைதான், ஆனால் நம்பிக்கை தருகிறது. அதற்காகக் கார்போகரிசியை அரைத்து முகத்தில் அப்பிக்கொண்டு வெயிலில் போய் நிற்காதீர்கள். அந்த விதையில் சொராலென் என்ற பொருளும் இருக்கிறது, வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிவிடும். வெண்புள்ளிக்கு அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான்.

என் முடிவு இது. செலவழிக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு என்றால் அது சன்ஸ்கிரீன். இரண்டாவதுக்கும் இருந்தால், தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த டியூப். மூன்றாவதாகத்தான் பொடி, அதுவும் கட்டாயமில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் குறையும் என்பார்கள். அந்த வயதில் மூன்று வேளையும் சோற்றைக் குவித்துப் பருப்பையும் முட்டையையும் ஓரத்தில் வைக்கும் பழக்கத்தை மாற்றினால், பொடியின் காசில் பாதியில் முழுமையான புரதம் கிடைக்கும். கொலாஜனில் ட்ரிப்டோஃபன் என்ற அவசியமான அமினோ அமிலமே இல்லை, சாப்பாட்டுப் புரதத்துக்கு அது ஈடாகாது.

இல்லை, டப்பாவைத் தொடரத்தான் போகிறேன் என்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் மூலப்பொருளைப் பார்த்து வாங்குங்கள். பல அழகுப் பொடிகளில் பயோட்டின் இருக்கிறது. அது அளவு கூடினால் தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளில் தவறான எண்ணைக் காட்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இலேயே எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுக்கும் முன் லேப்பிலும் டாக்டரிடமும் பொடி குடிப்பதைச் சொல்லிவிடுங்கள்.